குழாயும் முரசும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, கொலஸ்ரரோல் என்றுதான் தொடங்குவார் என்று பயந்துகொண்டு சிலர் வந்திருப்பீர்கள். கையில் இருக்கும் பலகாரத்தை மறைக்கத் தேவையில்லை. இன்று பேசப்போவது பாண்ட் வாத்தியத்தைப் பற்றி.

எமது கல்லூரி பாண்ட் வாத்தியக் குழுவுக்குப் புதிய வாத்தியங்கள் வாங்க நிதி சேர்த்துத் தரும்படி சங்கம் எல்லாக் கிளைகளுக்கும் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தோடு இப்போது படிக்கும் பிள்ளைகளின் விருப்பமும் ஒன்று வந்திருந்தது. ட்ரம் மட்டும் போதாதாம், பாக்பைப்பும் வேண்டுமாம். ஸ்கொட்லாந்துப் படையணிகள் அணிவகுத்துச் செல்லும்போது வாசிக்கிற, பை வைத்த குழல். கைத்தொலைபேசியில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் ரொறன்ரோவில் இருக்கிறோம். கடிதத்தை வாசித்துவிட்டுக் கூடியிருந்து கதைத்தபோது காசைப் பற்றி ஒரு பிரச்சினையும் வரவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. ஒருத்தி சொன்னாள், "வாத்தியத்துக்கு எவ்வளவு எண்டாலும் தாறன். படைநடைக்கு ஒரு சதமும் தரமாட்டன்." இன்னொருத்தி, "எடி, உன்ர மகளே அதுக்குள்ள தானே நிக்கிறாள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த மகளைப் பற்றியும், அவள் நிற்கும் குழுவைப் பற்றியும் இங்கே சொல்வதற்குத் தோழியிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறோம்.

முதலில், கனடாவில் கடெற் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். 12 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ள பிள்ளைகள் சேரலாம். பாதுகாப்புத் திணைக்களமும் பொதுமக்கள் அமைப்பு ஒன்றும் சேர்ந்து நடத்துகின்றன. சீருடைக்குப் பணம் இல்லை. வாரத்தில் ஒரு பின்னேரம் கூடுவார்கள். அணிநடை, முதலுதவி, முகாம், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல், இசை என்று பலதும் பழகலாம். அவர்கள் படையினர் அல்லர், பின்னர் படையில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெண் பிள்ளைகளைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டது 1975இல்தான். எங்கள் நாட்டிலும் இது புதிய விடயம் அல்ல. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இலேயே மாணவர் படையணி தொடங்கிவிட்டது.

கனடாவில் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் ஊர்ப் பாணியிலேயே படையணிகளை அமைத்துக்கொண்டார்கள். ரொறன்ரோவின் 48ஆவது ஹைலண்டர்ஸ் 1891இல் உருவானது. இப்படியான படையணிகளோடு இணைந்த கடெற் பிரிவுகளில் பிள்ளைகளும் கில்ற் உடுத்தி, பாக்பைப்பும் ட்ரம்மும் வாசிக்கிறார்கள். முதல் தடவை பார்க்கப் போன எங்கள் தோழியின் அம்மா, "இந்தப் பெடியங்களுக்கு ஏன் பாவாடை கட்டி விட்டிருக்கு?" என்று கேட்டா. மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தோழியின் மகளுக்கு அப்போது 12 வயது. பாடசாலைச் சிநேகிதி ஒருத்தியோடு போய்ப் பார்த்துவிட்டு, பெற்றோர் ஒப்பமிட வேண்டிய படிவத்தோடு வந்து நின்றாள். தோழி ஒப்பமிடவில்லை.

ஏன் என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விளங்கும். தோழியின் அண்ணா பதினாறு வயதில் ஒருநாள் ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. எங்கள் வகுப்பில் எத்தனையோ பேரின் வீட்டுச் சுவரில் இப்படி ஒரு படம் இருக்கிறது. சப்பாத்துச் சத்தமும், வரிசையாக நிற்கிற பிள்ளைகளும், சீருடைக்குள் இருக்கிற சின்ன முகமும் எங்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். கூட்டமாகக் கால்கள் ஒரே திசையில் நடக்கும் சத்தம் எங்களுக்கு வாத்தியமாகக் கேட்பதில்லை.

படிவம் மூன்று கிழமை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு தொங்கியது. மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம் என்று தோழி சொன்னாள். கடைசியில் ஒரு பின்னேரம் எங்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. எங்கள் வயதுதான் இருக்கும். தோழி தனது ஆங்கிலத்தில் நேரே கேட்டாள்.

"பிள்ளை இனி வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?"

"வராமல் இருக்கலாம். சீருடையைக் கழுவித் திருப்பித் தந்தால் போதும்."

"யாராவது வீட்டுக்குத் தேடி வருவார்களா?"

அந்த அதிகாரிக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. பிறகு தோழியின் முகத்தைப் பார்த்தார். "சுகமில்லையோ என்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அவ்வளவுதான்" என்றார். தோழி கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தாள்.

பாக்பைப் பழகுவது சும்மா விளையாட்டல்ல. முதலில் பாக்பைப்பைத் தொடவே விடமாட்டார்கள். சான்ரர் எனப்படும் சிறிய பயிற்சிக் குழலில்தான் விரல்கள் பழக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கே ஒரு வருடம் போய்விடும். அதற்குப் பிறகுதான் பை. இடது கையிடுக்கில் பையை வைத்து, ஊதுகுழலால் காற்றை நிரப்பி, மூச்செடுக்கிற நேரத்தில் முழங்கையால் பையை அழுத்திச் சத்தம் அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டு வருவது முன்னால் இருக்கும் சான்ரரில் மட்டும். அதில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான்.

நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் ஒருவர் இருந்து ஊதுகிற ஒத்து இங்கே மூன்று குழலாக வாசிப்பவரின் தோளிலேயே ஏறியிருக்கிறது. சீவாளி வாய்க்குள் இல்லை, சான்ரருக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ஒரு சிக்கல். எங்கள் வித்துவான்கள் நாக்கால் துத்துகாரம் செய்து சுரத்தைப் பிரிப்பார்கள். பாக்பைப்பில் நாக்குக்கு வேலையில்லை, நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டுமென்றால் இடையில் வேறொரு சுரத்தை விரலால் வெட்டி எடுக்க வேண்டும். ஜண்டை வரிசையை இதில் வாசிக்கச் சொன்னால் தெரியும் பாடு! அந்த ஒன்பது சுரங்களையும் ஒத்தோடு சேர்த்துக் கேட்டால் கிட்டத்தட்ட ஹரிகாம்போதி. எங்கள் சங்கீத ரீச்சர் கேட்டிருந்தால், "இதை ஏன் இவ்வளவு சத்தமாக வாசிக்கினம்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பா.

ரீச்சரின் அந்தக் கேள்வியில் எங்கள் தொழில் அக்கறையும் இருக்கிறது. பாக்பைப்பில் மெதுவாக, உரத்து என்ற வித்தியாசம் இல்லை. எப்போதும் ஒரே அளவுதான், அதுவும் உரத்த அளவு. குழுவுக்குள் நிற்கும் பிள்ளையின் காதருகில் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். இழுத்துக் கட்டிய சைட் ட்ரம் அதற்குக் குறைந்ததல்ல. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிற்சுகாதாரத்தில் பயன்படும் கணக்கு. அப்படிக் கணக்குப் பார்த்தால் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். பயிற்சியோ இரண்டு மணி நேரம். உட்காதில் இருக்கும் மயிர்க் கலங்கள் ஒரு தரம் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. தலைமயிர் கொட்டுகிறது என்று வருகிற பெண் பிள்ளைகளில் பாதிப்பேர்கூட காதில் இரைச்சல் என்று எங்களிடம் வருவதில்லை. வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

பைக்குள் இருக்கும் ஈரத்தையும் சொல்ல வேண்டும். மூச்சோடு போகிற ஈரப்பதம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நாள்தோறும் பாக்பைப் வாசித்துவந்த 61 வயது மனிதர் ஒருவருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வந்து அவர் இறந்துபோனதை மான்செஸ்ரர் வைத்தியர்கள் 2016இல் தொராக்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். வாத்தியத்தை வீட்டில் விட்டுவிட்டு மூன்று மாதம் அவுஸ்திரேலியாவில் இருந்தபோது அவருக்கு இருமல் குறைந்திருந்தது. அதிலிருந்துதான் சந்தேகம் பிறந்தது. அவருடைய பாக்பைப்பைச் சோதித்தபோது உள்ளே பலவகைப் பூஞ்சணங்கள். கனடாவின் வரண்ட குளிரிலேயே பையைத் துடைத்துக் காயவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து மாரிகாலத்தில் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, அவர்கள் வாசிப்பதைப் பார்த்தோமா? பார்த்தோம். பலமுறை.

திடலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். முன்னால் ட்ரம் மேஜர், கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல். அவளுக்குப் பதினேழு வயதிருக்கும். கட்டளை கேட்டதும் ட்ரம்கள் இரண்டு தடவை உருளும். அந்த உருட்டலுக்குள் எல்லாப் பையும் ஒன்றாக நிரம்ப வேண்டும். யாராவது ஒரு பிள்ளை முந்திவிட்டால் ஆட்டுக்குட்டி கத்தியது போல ஒரு சத்தம் தனியே வரும். வந்தது. அம்மாமார் சிரித்தார்கள், பிள்ளை சிரிக்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது நெஞ்செலும்பில் அதிர்ந்தது. ரெனர் ட்ரம் வாசிக்கிற இரண்டு பிள்ளைகள் கோல்களைத் தலைக்கு மேல் சுழற்றினார்கள். பெரிய ட்ரம்மைச் சுமந்த பையன் எங்கள் ஊர்ப் பையன்தான், பெயரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அணிநடை முடிந்ததும் வட்டமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்தார்கள். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

ஆனால் இது வெறும் இசை, இதில் போர் ஒன்றும் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றப்போவதில்லை. ஜேம்ஸ் றிச்சர்ட்சன் என்று ஒரு பையன் இருந்தான். ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவுக்கு வந்து, வான்கூவரில் கடெற் குழுவில் பாக்பைப் வாசித்தவன். முதலாம் உலகப் போருக்குப் போனான். 1916 ஒக்ரோபர் 8ஆம் திகதி பிரான்சில் முள்ளுக்கம்பிக்கு முன்னால் அவனது படை முன்னேற முடியாமல் விழுந்து கிடந்தபோது, குண்டுமழைக்குள் அங்கும் இங்கும் நடந்து வாசித்தான். அதைக் கேட்டு மற்றவர்கள் எழும்பிப் போனார்கள். பின்னர் காயப்பட்ட ஒருவரைக் கொண்டுபோய் விடும் வழியில், விட்டுவந்த பாக்பைப்பை எடுக்கவென்று திரும்பிப் போனவன் வரவில்லை. அவனுக்கு 20 வயது. விக்ரோறியா குரொஸ் விருது கொடுத்தார்கள். அந்தப் பாக்பைப்பை 1917இல் ஒரு படைப் பாதிரியார் கண்டெடுத்து ஸ்கொட்லாந்துப் பாடசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனார். யாருடையது என்று தெரியாமல் பல பத்து வருடங்கள் அங்கே கிடந்து, 2006இல்தான் அது கனடாவுக்குத் திரும்பி வந்தது.

கடெற் பிள்ளைகளுக்கு இதை வீரக் கதையாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் தோழியின் மகளும் வீட்டுக்கு வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பிள்ளையின்ர தாய் அப்ப இருந்தவவோ?" மகளுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கிழமை பயிற்சியில் போய்க் கேட்டாளாம். எங்களைப் பொறுத்தவரை அந்த வருடம் அவள் கற்றவற்றில் அந்தக் கேள்விக்கு நல்ல இடம் உண்டு.

நவம்பர் 11ஆம் திகதி காலை 11 மணிக்குக் கனடா முழுவதும் போரில் இறந்தவர்களை நினைவுகூருவார்கள். கடெற் பிள்ளைகள் நினைவுத்தூணின் மூலைகளில் தலை குனிந்து நிற்பார்கள். இரண்டு நிமிட மௌனத்தின் பின் பாக்பைப்பில் புலம்பல் இசை ஒன்று வாசிக்கப்படும். குளிரில் விரல் மரத்துப்போகும், குழல் சுருதி விலகும். தோழியின் மகள் மூன்றாவது வருடம் குழுவோடு அங்கே நின்றாள். தோழியும் போய் நின்றாள், எங்களில் சிலரும் கூடப் போனோம்.

தோழியின் அண்ணாவுக்குத் திதி இல்லை. எந்த நாளில் போனார் என்று யாருக்கும் தெரியாது. அவளின் அம்மா இத்தனை வருடமாக எந்த நாளில் விளக்கேற்றுவது என்று தெரியாமலேயே இருக்கிறா. அன்று புலம்பல் முடிந்து எல்லோரும் கலைந்துபோனபின், "இவங்களுக்கு ஒரு நாள் எண்டு இருக்கு" என்று தோழி சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடிவந்த மகள், "அம்மா, என்ர ட்ரோன் சுருதி விலகினது கேட்டதோ?" என்று கேட்டாள். கேட்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒருமிக்கப் பொய் சொன்னோம்.

2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைச் சாசனத்துக்கு ஒரு மேலதிக நெறிமுறையைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குட்பட்டவர்களை நேரடிப் போரில் ஈடுபடுத்தக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு கனடா. அந்த நெறிமுறைக்கும் கடெற் குழுவுக்கும் உள்ள தூரம் சிலருக்குப் பெரிதாகத் தெரியும், சிலருக்கு ஒரு முழமாகத் தெரியும். எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. "தாறன், ஆனால்..." என்று சொன்னவள் ஒருத்தி, "ஆனால்" இல்லாமல் மறுத்தவள் ஒருத்தி. அவள் இன்று இங்கே வரவில்லை. அவளுடைய பங்கும் எங்கள் பங்கோடு சேர்த்து வந்திருக்கிறது. நூலகத்துக்குக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறாள், அப்படியே கொடுக்கிறோம்.

மிச்சக் காசுக்கு நாங்கள் கேட்பது இவைதான். முதலில் பாக்பைப் வாங்க வேண்டாம். பயிற்சிச் சான்ரர்களும், பழுதான ட்ரம்களுக்குப் புதிய தோலும் வாங்குவோம். ஒரு வருடம் கழித்து எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பார்த்து மற்றதை யோசிக்கலாம். ஊதுகுழலை ஒரு பிள்ளைக்கு மற்றப் பிள்ளை மாற்றக் கூடாது. இழுப்பு உள்ள பிள்ளைகளை ஒதுக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாதஸ்வர வித்துவான் ஒருவரை மாதத்தில் ஒரு நாளாவது கூப்பிட்டு ஒத்துப் பிடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தால் நல்லது. இனுவிலும் அளவெட்டியும் இருக்கிற ஊரில் சுருதி கற்பிக்க ஆளில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என்ன வாசிப்பது என்பதில் எங்கள் பாட்டுகளும் இருக்கட்டும். ஒன்பது சுரத்துக்குள் அடங்கும் பாட்டு எங்களிடம் எத்தனையோ உண்டு.

பெற்றோர் ஒப்பமிடும் படிவத்தில் ஒரு வரி சேர்க்கும்படி அதிபர் அவர்களிடம் கேட்டிருந்தோம். மாணவி எந்த நேரத்திலும் விலகலாம், காரணம் கேட்கப்படமாட்டாது என்ற வரி. அதிபர் உடனே சம்மதித்தா. எங்கள் தோழிதான் தமிழில் எழுதிக் கொடுத்தாள். "விலகலாம்" என்ற சொல்லுக்குப் பதிலாக "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதியிருந்தாள். அலுவலகத்தில் திருத்துவார்கள் என்று நினைத்தோம். திருத்தவில்லை.

காதடைப்பான்கள் இரண்டு பெட்டி கொண்டு வந்திருக்கிறோம். இசைக் கலைஞர்களுக்கென்று செய்தவை, சத்தத்தைக் குறைக்கும், சுருதியைக் கெடுக்காது. இன்று காலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடி. தொலைத்தால் சொல்லுங்கள், இன்னும் அனுப்புகிறோம். கூச்சப்பட வேண்டாம், தொலைக்காத பிள்ளையை நாங்கள் இன்னும் கண்டதில்லை.